சருகுமானுக்கு ஒரு கேமரா

1987 மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்கு மேலே போகும் காட்டுப் பாதையில் என் கணவர் ஒரு சருகுமானைப் பார்த்தார். பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு, பென்சில் தடிமனில் கால், கழுத்தில் வெள்ளைக் கோடு. மூன்று விநாடி நின்று அவரைப் பார்த்துவிட்டுப் புதருக்குள் நுழைந்துவிட்டதாம். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த நாங்கள் எட்டுப் பேரும் அதைப் பார்க்கவில்லை.

அப்போது எங்களுக்கு ஒரு நடைக் கூட்டம் இருந்தது. பினாங்கில் ஆபீஸ் வேலை பார்க்கும் தமிழர்கள் சிலர், ஞாயிறு காலை மலையேறிவிட்டு, இறங்கி வந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுக் கலைவோம். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் திருநாவுக்கரசு. பேங்கில் பெரிய பதவி. எதையும் அவர் சொன்னால்தான் நடந்ததாகும்.

"தியாகு, அது பெருச்சாளி லா," என்றார் அவர். "நம்ம சௌராஸ்தா மார்க்கெட் பக்கம் வந்து பாருங்க, இதவிடப் பெருசா ஓடும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் தியாகராஜாவும் சிரித்தார். ஆனால் ஆயர் ஈத்தாமிலிருந்து ஜெலுத்தோங் வீட்டுக்கு வரும்வரை மோட்டார் சைக்கிளில் ஒரு வார்த்தை பேசவில்லை. சாதாரணமாக அவர் ஓட்டும்போது பேசிக்கொண்டே வருவார், எனக்குக் காற்றில் பாதி கேட்காது. அன்று எல்லாமே கேட்டது, அவர் குரலைத் தவிர.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அருந்ததி, நான் அதைப் படம் எடுக்கப் போறன்."

"எப்பிடி? அது உங்களுக்காக வந்து நிக்குமோ?"

"நான் நிக்கத் தேவையில்லை. கேமரா நிக்கும். அது வந்தா தானா எடுக்கும். அமெரிக்காவில அப்பிடிச் செய்யினமாம். லைப்ரரியில ஒரு புத்தகத்தில பாத்தன்."

எங்கள் இருவருடைய பாட்டன்மாரும் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர்கள். வீட்டுக்குள் நாங்கள் பேசுவது அந்தத் தமிழ். வாசலைத் தாண்டினால் ஊர்த் தமிழ். என் கணவர் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். நான் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் லைன் லீடர், பதினொரு வருஷம். முப்பது பெண்கள் ரேடியோ போர்டுகளில் ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பொடி வைத்து ஒட்டும் வரிசையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அழுது முடித்திருந்த வருஷங்கள் அவை. ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாக இருந்தன.

ஆகவே, சரி என்றேன்.

அப்துல் ஹமீது பாயின் கேமரா கடை பினாங்கு ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னச் சந்தில் இருந்தது. முன்பக்கம் கண்ணாடி மேசை, பின்பக்கம் ஃபிலிம் கழுவும் அறை, இரண்டுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை. புதுக் கேமராக்கள் மேல் தட்டில் இருக்கும். கப்பல்காரர்களும் சுற்றுலாக்காரர்களும் விற்றுவிட்டுப் போன பழைய கேமராக்கள் கீழ்த் தட்டில். விற்கும் ஒவ்வொன்றின் உள்மூடியிலும் கடைப் பெயர் போட்ட மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டித்தான் கொடுப்பார்.

"என்ன எடுக்கணும் அண்ணே? கல்யாணமா, ஊர்ப் பயணமா?"

"சருகுமான்," என்றார் என் கணவர்.

ஹமீது பாய் சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்று கேமராக்களை மேசைமேல் வைத்தார்.

முதலாவது கறுப்பு நிறத்தில் கனமாக இருந்தது. லென்ஸைக் கழற்றி மாட்டலாம், அடியில் ஃபிலிமைத் தானாகச் சுற்றும் மோட்டார் தனியாகப் பூட்டியிருந்தது. ஒரு ஜெர்மன்காரன் விற்றது. என் கணவர் அதைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மாறிய விதத்தைப் பார்த்தே, இதை விட்டு அவரைப் பிரிப்பது கஷ்டம் என்று தெரிந்துவிட்டது. இரண்டாவது பிள்ளைகள் வைத்திருக்கும் சோப்புக்கட்டி மாதிரி ஒன்று, கட்டைவிரலால் சக்கரத்தைத் தள்ளித்தான் ஃபிலிம் சுற்ற வேண்டும். மூன்றாவது ஒரு ஜப்பான் பிளாஸ்டிக் கேமரா. ஒரு மூலை உடைந்து டேப் ஒட்டியிருந்தது. ஃபிளாஷ் உள்ளேயே இருந்தது. படம் எடுத்ததும் 'விர்ர்' என்று தானே சுற்றிக்கொண்டது.

"கறுப்புதான்," என்றார் என் கணவர். "படம் எண்டா இதிலதான் படம்."

"இதைக் கொண்டுபோய்க் காட்டில விட்டிட்டு வாறதோ? இரவெல்லாம் உங்களுக்கு நித்திரை வருமோ?"

"மழைக்கு ஒரு பெட்டி செய்வம்."

"திருடனுக்கு?"

அவர் லென்ஸைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் கறுப்புக் கேமராவின் பட்டனை அமுக்கினேன். 'டப்' என்று கதவு சாத்தியது போல ஒரு சத்தம். "உங்கட மான் ஒரு படத்துக்கு மேல நிக்காது," என்றேன். அந்தக் கேமராவுக்கு எட்டு பேட்டரி வேறு வேண்டும். தூரத்தையும் நாம்தான் திருகி வைக்க வேண்டும். மான் நாம் நினைத்த இடத்தில் நிற்காவிட்டால் புகை மாதிரித்தான் விழும். சோப்புக்கட்டியை எடுத்தால் ஒரு படம் விழுந்ததும் வேலை முடிந்தது; நாங்கள் மலையேறிப் போய்ச் சுற்றிவிட்டு வர வேண்டும்.

உடைந்த மூலைக்காரனைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தானே சுற்றுகிறது. ஃபிளாஷ் தானே அடிக்கிறது. ஆறடிக்கு அப்பால் எது நின்றாலும் ஓரளவு தெளிவாக விழும். எந்தக் கடையிலும் கிடைக்கும் சின்ன பேட்டரி இரண்டு போதும். விலையும் கறுப்பில் மூன்றில் ஒரு பங்கு.

"தேதியும் மணியும் படத்துல விழுற மாதிரி ஒண்ணு இருக்கு," என்றார் ஹமீது பாய். "விலை அறுபது வெள்ளி கூட."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவில்லை.

"பாய், இத வாங்குறதுக்கு முன்னாடி திறந்து பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"திறந்துன்னா? ஃபிலிம் போடுற கதவா?"

"இல்ல. மேல் மூடி. ஸ்க்ரூவைக் கழட்டி."

ஹமீது பாய் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் அதற்குள் பெருமையாக நிற்க ஆரம்பித்திருந்தார். "அவங்க ஃபேக்டரியில லைன் லீடர்," என்றார். பாய் திரைக்குப் பின்னால் போய் ஒரு சின்னத் திருப்புளி கொண்டுவந்தார்.

பட்டனுக்குக் கீழே இரண்டு செம்புத் தகடுகள் இருந்தன. அவை தொட்டால் படம் விழும். அதில் இரண்டு கம்பிகளைப் பொடி வைத்து வெளியே இழுத்தால், பட்டனை விரல் அமுக்க வேண்டியதில்லை, எதுவும் அமுக்கலாம். நான் தேடியது அந்தத் தகடுகளைத்தான். சந்தோஷத்தில் கையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டேன். ஃபிளாஷுக்கு மின்சாரம் சேர்த்து வைக்கும் பொருள் மேல் விரல் பட்டது. ஷாக் அடித்து, திருப்புளி பறந்துபோய்க் கண்ணாடி மேசையில் விழுந்தது. கண்ணாடி உடையவில்லை. என் கை மட்டும் மத்தியானம்வரை மரத்திருந்தது.

"வாங்கிக்கிறோம்," என்றேன்.

ஹமீது பாய் இருபது வெள்ளி குறைத்துக்கொண்டார். பயந்து குறைத்தாரா, பாவம் பார்த்துக் குறைத்தாரா தெரியாது.

மிருகம் வருவதைக் கண்டுபிடிக்கும் சென்சாரை ரோப் வாக் பழைய சாமான் சந்தையில் பிடித்தேன். நகைக்கடைகளில் திருடன் வந்தால் மணி அடிக்குமே, அது. உடம்புச் சூட்டைக் கண்டுகொள்ளும். அதன் முனையைக் கேமராக் கம்பியோடு சேர்த்தேன். மோட்டார் சைக்கிள் பேட்டரி ஒன்றைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் அடக்கி, லென்ஸுக்கும் ஃபிளாஷுக்கும் ஓட்டை போட்டு, கண்ணாடி ஒட்டி, சென்சாருக்கு ஒரு ஓட்டையைத் திறந்தே விட்டு, பச்சையும் பழுப்புமாகச் சாயம் அடித்தேன். ஃபேக்டரியில் குப்பைக்குப் போகும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை உள்ளே போட்டேன். மூன்று மாதம் ஆனது. ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்து வந்து சமையலறை மேசையில் அதை விரித்து வைப்பேன். என் கணவர் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். திருமணமாகிப் பத்து வருஷத்தில் அவர் அவ்வளவு நேரம் என்னைப் பார்த்தது அப்போதுதான். சாப்பாடு பாதி நாள் கடையில்தான். அவர் குறை சொல்லவில்லை.

அணைக்கட்டுக்கு மேலே அதே பாதையோரம் ஒரு மரத்தில் பெட்டியைக் கட்டினோம். முதல் ஃபிலிமில் முப்பத்தாறு படமும் வாழையிலை. சூரியன் பட்டுச் சூடான இலை காற்றில் ஆடினால் சென்சார் அதையும் மிருகம் என்றே நினைக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பெட்டியைக் கிழக்கே பார்க்காமல் வடக்கே பார்த்துத் திருப்பிக் கட்டினோம்.

இரண்டாவது ஃபிலிமில் குரங்குகள் விழுந்தன. நடக்கிறவர்களின் கால்கள் விழுந்தன. ஒரு படத்தில், பாதையிலிருந்து ஒதுங்கி மரத்தடியில் திரும்பி நின்ற திருநாவுக்கரசு விழுந்திருந்தார். என்ன செய்துகொண்டிருந்தார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அன்று ஹமீது பாய் கடையில் நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் திரைக்குப் பின்னால் வேலை செய்த ஆள் எட்டிப் பார்த்தார். அந்தப் படத்தை யாருக்கும் காட்டவில்லை. இன்னும் எங்கோ ஒரு பெட்டியில் இருக்கிறது.

மூன்றாவது ஃபிலிம் போட்டு இரண்டு வாரம் கழித்துப் போனபோது மரம் இருந்தது, பெட்டி இல்லை. கட்டியிருந்த கம்பியைப் பாராங் கத்தியால் வெட்டியிருந்தார்கள். தரையில் ஒரு துண்டு கிடந்தது.

என் கணவர் புதருக்குள் எல்லாம் தேடினார். நான் தேடவில்லை. அந்த மரத்தடியில் நின்று அழுதேன். கேமரா போனதற்குக் கூட இல்லை. ஒவ்வொரு பொடியும் நான் வைத்தது. அந்தப் பெட்டிக்குள் எந்தக் கம்பி எந்த நிறம் என்று இருட்டிலும் எனக்குத் தெரியும். யாரோ ஒருத்தன் அதை ஒரே வெட்டில் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

"வேற வாங்குவம்," என்றார் அவர்.

"வேண்டாம். இனி உந்தக் கதையே வேண்டாம்."

அதன் பிறகு இரண்டு மாதம் நாங்கள் மலைக்கே போகவில்லை. ஞாயிறு காலையில் எஸ்பிளனேடில் நடந்தோம். கடல் இருந்தது, காற்று இருந்தது, ஒன்றும் சரியாக இல்லை.

அக்டோபரில் ஒரு நாள் ஹமீது பாய் என் கணவரின் ஆபீஸுக்கு டெலிபோன் செய்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் கணவர் என்னை ஃபேக்டரிக்குப் போன் போட்டுக் கூப்பிட்டார். "அருந்ததி, கேமரா பாயிட்ட வந்திருக்கு."

வேலை முடிந்து நேரே கடைக்குப் போனேன்; என் கணவரும் வந்திருந்தார். பாய் திரைக்குப் பின்னால் எங்களை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார்.

"ஒரு ஆள் கொண்டுவந்தாரு," என்றார். "ஃபிலிமை எப்படி எடுக்கிறதுன்னு தெரியலன்னு சொன்னாரு. உள்ள மூடியில நம்ம ஸ்டிக்கர் இருக்குல்ல, அதப் பாத்துத் தேடி வந்திருக்காரு. கையில வாங்குனதுமே மேல அக்கா பொடி வெச்ச ரெண்டு கம்பியும் தெரிஞ்சிச்சு. நான் ஒண்ணும் சொல்லல. சனிக்கிழம வாங்க, படத்தக் கழுவி, கேமராவத் துடைச்சு வைக்கிறேன்னு அனுப்பிட்டேன்."

பிறகு ஒரு கவரை நீட்டினார். முதல் பதினான்கு படங்கள் எங்களுடையவை. ஒரு புனுகுப்பூனை, வாலைத் தூக்கிக்கொண்டு. இலைக் குவியலைக் கிளறும் ஒரு காட்டுக்கோழி. ஒன்பதாவது படத்தின் ஓரத்தில், பென்சில் தடிமனில் ஒரு பின்னங்கால். என் கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்காவது படத்தில் ஒரு மனிதன். தோளில் பெத்தாய்க் காய்க் கட்டு, கையில் பாராங், ஃபிளாஷ் அடித்த திகைப்பில் வாய் திறந்தபடி நேராக எங்களைப் பார்த்தான்.

மீதி இருபத்திரண்டு படங்களும் ஒரு பலகை வீட்டுக்குள் எடுத்தவை. ஒரு வயதுக் குழந்தைக்குக் காது குத்துகிறார்கள். மடியில் வைத்திருக்கும் மாமன், தட்டில் பழம், மாவிலை, அழும் குழந்தை, அழுகிற குழந்தையைப் பார்த்து அழும் தாய். சிவப்புக் கல் தோடு போட்ட பிறகு, கன்னத்தில் கண்ணீரோடு குழந்தை எதையோ பார்த்துச் சிரிக்கிறது. அந்த ஒரு படத்தை எந்த ஸ்டூடியோக்காரனும் எடுத்திருக்க முடியாது.

"நல்லா எடுத்திருக்கிறான்," என்றார் என் கணவர்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "சனிக்கிழமை நானும் வாறன்," என்றேன். "போலீஸ் ஸ்டேஷன் ரெண்டு தெருதான் தள்ளி."

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு மணிக்குக் கடைக்குப் போய்த் திரைப் பக்கமாக உட்கார்ந்தோம். பஸ்ஸில் வரும்போதே நான் என்ன பேச வேண்டும் என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். முதலில் கேமராவைப் பற்றி, பிறகு மூன்று மாத உழைப்பைப் பற்றி, கடைசியில் போலீஸ்.

இரண்டு மணிக்கு அந்த மனிதன் வந்தான். தனியாக வரவில்லை. மஞ்சள் சேலை கட்டி, தலையில் பூ வைத்த அவன் மனைவியும் வந்தாள். தோளில் அந்தக் குழந்தை தூங்கியது. அவர்கள் ஒரு விசேஷத்துக்குப் போகிறவர்கள் மாதிரி உடுத்தியிருந்தார்கள்.

"படம் வந்துடுச்சா பாய்?" என்று அவள்தான் கேட்டாள்.

பாய் கவரை மேசைமேல் வைத்துவிட்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அவள் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் படங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். "அண்ணன் முகத்தப் பாருங்க! ஐயோ, நான் இப்படியா அழுதேன்?" கணவனிடம் காட்டிக் காட்டிச் சிரித்தாள். அவன் சிரிக்க முயன்றான். அவன் கண் எங்கள் பக்கம் வந்தது. நாங்கள் யார் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

அடியில் இருந்த படங்களுக்கு அவள் வந்துவிட்டாள்.

"இது என்னங்க, காடு மாதிரி இருக்கு? பூனை... கோழி... அட, இது நீங்கதானே! யாரு எடுத்தா இத?"

பாய் துடைப்பதை நிறுத்திவிட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து மேசைக்குப் போனேன். வரிசையாக வைத்திருந்ததில் ஒரு சொல்கூட வாயில் இல்லை. கிட்டே போனால் குழந்தையின் காது தெரிந்தது. ஒரு துளை இன்னும் கொஞ்சம் சிவந்துதான் இருந்தது, மஞ்சள் தடவியிருந்தாள்.

"அது நாங்க எடுத்தது தங்கச்சி," என்றேன். "காட்டுல மிருகத்தப் படம் எடுக்க கேமரா கட்டி வெச்சிருக்கோம். உங்க வீட்டுக்காரர்தான் அதப் பத்திரமாப் பாத்துக்கிறாரு. கேமராவும் எங்களோடதுதான்."

"அப்படியா!" அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "யார்கிட்டயோ இரவல் வாங்கினேன்னு சொன்னாரு. இவங்கதானா? ரொம்ப நன்றிக்கா. இல்லன்னா பாப்பாவுக்கு ஒரு படம் இருந்திருக்காது."

அவள் பெயர் நல்லம்மாள். என் கணவர் அவளுக்கு நாற்காலி போட்டு, குழந்தையின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்து தெருவில் நின்றேன். அவனும் பின்னாலேயே வந்தான்.

"அக்கா, என் பேரு பக்கிரிசாமி," என்றான். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "திருடணும்னு எடுக்கல. மேல காட்டோரமா மரவள்ளியும் வாழையும் கொஞ்சம் போட்டிருக்கேன். நிலம் நம்மளது இல்ல. பெத்தாய் பறிச்சிட்டு வரும்போது பளிச்சுன்னு மூஞ்சில அடிச்சிச்சு. நில ஆபீஸ்காரங்க நம்மளப் பிடிக்கத்தான் பெட்டி கட்டிட்டாங்கன்னு நெனச்சிட்டேன். பயத்துல வெட்டி எடுத்துட்டுப் போயிட்டேன். வீட்டுல தெறந்து பாத்தா கேமரா. ஒரு மாசம் தொடவே இல்ல. அப்புறம் பாப்பாவுக்குக் காது குத்து வந்திச்சு."

என் கோபம் முழுவதும் போய்விடவில்லை. பிடித்துக்கொள்ள இடம்தான் இல்லாமல் போயிருந்தது.

"பெட்டி எங்க?" என்றேன்.

"கட்டிலுக்கு அடியில இருக்கு. நனையாம சாரோங் சுத்தி வெச்சிருக்கேன்."

"நாளைக்கு எட்டு மணிக்கு அணைக்கட்டு கேட்டுக்குக் கொண்டு வாங்க."

மறுநாள் மோட்டாரில் போகும்போது, "வருவான் எண்டு நினைக்கிறீரோ?" என்று கேட்டார் என் கணவர். ஏழே முக்காலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பக்கிரிசாமி கேட்டருகே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்போதிலிருந்து உட்கார்ந்திருந்தாரோ. அன்றைக்கே அவர் எங்களுக்கு 'அவன்' இல்லாமல் 'அவர்' ஆகிவிட்டார்.

பழைய இடத்துக்குப் போனோம். அவர் மரத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, இங்க கட்டுனா மனுசன்தான் மாட்டுவான். இது மனுசன் நடக்கிற பாதை. அதுக்கு வேற பாதை இருக்கு."

அவர் சுங்கை பாக்காப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது பினாங்குத் தீவுக்கு வந்து, கடற்பாலம் கட்டுகிற இடத்தில் வேலை பார்த்து, பாலம் முடிந்ததும் வேலையும் முடிந்து, மலையடிவாரத்தில் தங்கிவிட்டவர். பாதையை விட்டுக் கீழே ஒரு சரிவில் எங்களை இறக்கினார். என் கணவர் இரண்டு தடவை உட்கார்ந்தபடியே சறுக்கினார். கீழே ஒரு சின்ன ஓடை. கரையில் அத்திப்பழம் உதிர்ந்து கிடந்தது. ஈரமண்ணில் இரண்டு நகம் பதித்த மாதிரிச் சின்னக் குளம்படிகள்.

"இதுதான் அது குடிக்க வர்ற இடம்," என்றார் பக்கிரிசாமி. "காலையில ஆறரை, ஏழுக்கு வரும். சாயந்தரம் மழைக்கு முன்னாடி வரும்."

அறுபது வெள்ளி கூடக் கொடுத்து வாங்காமல் விட்ட கேமராக் கடிகாரம் பக்கிரிசாமியாக வந்து சேர்ந்தது.

பெட்டியை என் நெஞ்சு உயரத்தில் வைத்துக் கட்டப் போனேன். அவர் தடுத்தார். "மான் எவ்வளவு உசரம் அக்கா? முழங்காலுக்குக் கீழ கட்டுங்க. நம்ம கைக்கு வசதியாக் கட்டுனா, நம்ம நெஞ்சுதான் விழும்." மூவரும் மண்டியிட்டு உட்கார்ந்து கட்டினோம். பாய் கடையிலிருந்து கொண்டுவந்த கேமராவை மாட்டத் திறந்தபோது, உள்ளே ஒரு கம்பிகூட இடம் மாறியிருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஃபிலிமை எடுத்துக்கொண்டு ஹமீது பாயிடம் கொடுத்தோம். ஒரு மணி நேரம் கழித்துத் திரையை விலக்கிக்கொண்டு அவரே வெளியே வந்தார். ஈரம் காயாத ஒரு படத்தை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்திருந்தார்.

ஓடைக் கரையில் சருகுமான் நின்றது. தலையைத் தூக்கி, கழுத்தின் வெள்ளைக் கோடு முழுவதும் தெரிய. மூக்கில் தண்ணீர்த்துளி. அதன் வயிற்றுக்குப் பின்னால், ஒரு கைக்குள் அடங்கும் அளவில் இன்னொன்று. குட்டி.

என் கணவர் கத்துவார், குதிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடி கழற்றித் துடைத்தார். பிறகு பாயின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு," என்றார். "நான் பாத்தது ஒண்டுதான்."

படத்தைப் பெரிதாக்கி நடைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனோம். திருநாவுக்கரசு தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். "நல்ல படம். தைப்பிங் மிருகக்காட்சிசாலையில எடுத்தீங்களா?" என்றார்.

என் கணவர் சிரித்தார். மார்ச் மாதம் சிரித்த சிரிப்பு மாதிரி இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். திருநாவுக்கரசுக்கு ஏன் என்று புரியவில்லை. எனக்கு, அந்த மரத்தடிப் படமும் என் கணவர் மனதில் ஓடுகிறது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் அந்தக் கூட்டத்தோடு அதிகம் நடக்கவில்லை. சண்டை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு எங்களுக்கு வேறு இடம் கிடைத்திருந்தது.

நாலைந்து வருஷம் அப்படியே போனது. காலையில் பக்கிரிசாமியோடு ஓடைக்கு. ஃபிலிம் மாற்றிவிட்டு அவர் வீட்டுக்கு. நல்லம்மாள் மரவள்ளிக்கிழங்கு அவித்து, தேங்காய் துருவிப்போட்டு, பக்கத்தில் சம்பாலும் வைப்பாள். இன்றைக்கும் அந்த வாசனை எங்காவது வந்தால் எனக்கு ஈரமண்ணும் ஃபிலிம் டப்பாவின் மணமும் சேர்ந்தே வரும். எறும்புத்தின்னி ஒரு தடவை விழுந்தது. மரத்துக்கு மரம் தாவும்போது ஒரு பறக்கும் அணில், பாதி உடம்பு மட்டும். பெரும்பாலும் இலையும் குரங்கும்தான். ஒவ்வொரு கவரைத் திறக்கும்போதும் நாலு தலையும் ஒன்றாக முட்டும்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு பெருமழையில் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. லென்ஸுக்குள் பூஞ்சை பூத்தது. பிரித்து, காயவைத்து, எல்லாம் செய்து பார்த்தேன். ஹமீது பாயும் பார்த்துவிட்டு, "போதும் அக்கா, அது உழைச்சிடுச்சு," என்றார். புதிது வாங்கலாம் என்று பேசினோம். என் கணவருக்கு அப்போது பிரஷர் வந்து, மலையேற்றம் குறைந்திருந்தது. பேச்சோடு நின்றுவிட்டது.

தொண்ணூற்று நான்கில் அடிவாரத்துப் பலகை வீடுகளை எடுத்துவிட்டார்கள். பக்கிரிசாமிக்குப் பட்டர்வொர்த்தில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்து, பாகான் டாலாமில் வாடகைக்குப் போனார்கள். போவதற்கு முந்தின ஞாயிறு நாங்கள் நால்வரும் ஓடைக்கு இறங்கினோம். குழந்தை மாமன் வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூடம் போகிற பெண் ஆகிவிட்டிருந்தாள். என் கணவர் சரிவில் மெதுவாக, மரத்துக்கு மரம் கையூன்றி இறங்கினார். நல்லம்மாள் நாசி லெமாக் பொட்டலங்கள் கொண்டுவந்திருந்தாள். பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அன்றைக்கு ஒரு மிருகமும் வரவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

பக்கிரிசாமி தண்ணீரில் கால்களை விட்டபடியே பாறையில் சாய்ந்து தூங்கிப்போனார். சாமான் கட்டி, லோரி பேசி, ஒரு வாரமாக அவருக்குத் தூக்கம் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எனக்குத் தெரியும். நல்லம்மாளுக்கும் தெரியும். என் கணவர் உதட்டில் விரலை வைத்து எங்கள் இருவரையும் பார்த்தார். சரி, இன்னும் கொஞ்ச நேரம் என்று நாங்கள் மூவரும் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தோம்.